பிள்ளைகளுக்கு நீச்சல் பழக்குவோம்



இந்த நேரத்தில் பேச வருகிறவர்கள் நாற்றங்கால், மேலுரம், பூச்சி மருந்து என்று பேசுவார்கள். நானும் தண்ணீரைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன். ஆனால் பாசனத்தைப் பற்றி இல்லைங்க. அந்தப் பாசனத் தண்ணீரில் நம்ம பிள்ளை தவறி விழுந்தால், அதுக்கு மேலே வரத் தெரியுமா என்பதைப் பற்றி.

எங்க பக்கம், கோயமுத்தூர், ஈரோட்டு மேட்டுக்காட்டில், என் வயதுக்காரன் ஒருத்தன் நீச்சல் தெரியாது என்று சொன்னால் அந்தக் காலத்தில் கேலி செய்வார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் கிணறு இருந்தது. சித்திரை, வைகாசியில் பள்ளிக்கூடம் விட்டால் பையன்கள் கிணற்றிலேதான் கிடப்பார்கள். நன்றாகக் காய்ந்த சுரைக்காயை, எங்க பக்கம் அதைச் சுரைப்புருடை என்போம், முதுகோடு கட்டிவிட்டு மாமனோ சித்தப்பனோ தண்ணீரில் இறக்கிவிடுவார். சில ஊர்களில் கல்யாண முருங்கைக் கட்டை, சில ஊர்களில் வாழைமரத் தண்டு. பத்து நாளில் பையன் புருடையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தானாக நீந்துவான். சைக்கிள் பழகுகிற மாதிரிதான். ஒரு தரம் வந்துவிட்டால் ஆயுளுக்கும் மறக்காது.

அப்புறம் என்ன ஆச்சு? நிலத்தடி நீர் கீழே போனது. ஆழ்குழாய்க் கிணறு வந்தது. பழைய கிணறு வற்றி முள்ளும் புதரும் மண்டியது. பாட்டனுக்குத் தெரிந்த நீச்சல் அப்பனுக்கு அரைகுறை, பேரனுக்குச் சுத்தமாகத் தெரியாது. கிணறு வற்றும்போது கூடவே நீச்சலும் வற்றிப்போச்சு. அதை யாரும் கணக்குப் பார்க்கவில்லை.

ஆனால் தண்ணீர் நம்மை விட்டுப் போகவில்லையே. நல்ல மழை பெய்த வருஷம் வற்றிக் கிடந்த அதே கிணறு கரை தட்டி நிற்கிறது. ஏரியில், கண்மாயில் வண்டல் எடுத்த குழி நிற்கிறது. தோட்டத்தில் பண்ணைக்குட்டை வெட்டியிருக்கிறோம். ஆற்றில் தடுப்பணை கட்டியிருக்கிறார்கள். எல்லாம் விவசாயத்துக்கு வேண்டியதுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. தண்ணீரைப் பெருக்கிக்கொண்டே போகிறோம், தண்ணீரில் பிழைக்கிற வித்தையை மட்டும் விட்டுவிட்டோம்.

தேசிய குற்ற ஆவணக் காப்பகம் என்று ஒன்று இருக்கிறது. விபத்துச் சாவுகளையும் அவர்கள்தான் கணக்கெடுக்கிறார்கள். அவர்கள் கணக்குப்படி நம் நாட்டில் 2022-ம் வருஷம் மட்டும் தண்ணீரில் மூழ்கிச் செத்தவர்கள் 38 ஆயிரத்துக்கும் மேலே. ஐக்கிய நாடுகள் சபையும் 2021-ல் தீர்மானம் போட்டு, ஜூலை 25-ம் தேதியை நீரில் மூழ்குவதைத் தடுக்கும் நாள் என்று வைத்திருக்கிறது. நமக்கு அது ஆடிப்பெருக்குக்கு எட்டு ஒன்பது நாள் முன்னாடி வருகிறது. யோசித்து வைத்தார்களோ என்னவோ, நமக்குப் பொருத்தமான தேதிதான்.

2022 ஜூன் 5-ம் தேதி கடலூர் மாவட்டத்தில் கெடிலம் ஆற்றுத் தடுப்பணை அருகே குளிக்கப் போன ஏழு பெண்பிள்ளைகள் ஒரே நேரத்தில் இறந்து போனார்கள். சிலர் ஆழத்தில் சிக்கிக்கொள்ள, அவர்களைக் காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்தே போய்விட்டார்கள். அடுத்த வருஷம், 2023 பிப்ரவரியில், கரூர் மாவட்டம் மாயனூரில் காவிரியில் இறங்கிய நான்கு பள்ளி மாணவிகள் போனார்கள். விளையாட்டுப் போட்டிக்குப் போய்விட்டுத் திரும்புகிற வழியில் நடந்தது அது. பந்து விளையாடத் தெரிந்த பிள்ளைகள், ஓடத் தெரிந்த பிள்ளைகள். நீந்த யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பெண்பிள்ளைக்கு எதுக்கு நீச்சல் என்று கேட்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நான் திருப்பிக் கேட்கிறேன். ஏரியில் துணி துவைக்கிறது யார்? குடம் எடுத்துப் போகிறது யார்? ஆட்டுக்குட்டி வழுக்கி விழுந்தால் பதறிக்கொண்டு பின்னாலேயே இறங்குகிறது யார்? குழந்தை விழுந்தால் அடுத்த நொடி குதிக்கிறது பெற்றவள்தானே? அவளுக்கு நீச்சல் தெரியாவிட்டால் ஒரு சாவு இரண்டாகிறது. ஆண்களுக்கு முன்னால் பழக வெட்கமாக இருந்தால் நீச்சல் தெரிந்த பெரியம்மா, அத்தை யாராவது ஊரில் இருப்பார்கள். அவர்களைக் கொண்டு காலை நேரத்தில் தனியாகப் பழக்கலாம். சுடிதாரோடு பழகுவதும் நல்லதுதான். விழும்போது நீச்சல் உடையோடா விழப்போகிறார்கள்?

சரி, எப்படிப் பழக்குகிறது? முதலில் ஆளைச் சொல்கிறேன். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவர் ஒருவர் தண்ணீருக்குள் இருக்க வேண்டும், கரையில் இன்னொருவர் இருக்க வேண்டும். ஒருத்தருக்கு ஒரு பிள்ளைதான். நாலு பிள்ளைகளை ஒன்றாக இறக்கிவிட்டு பீடி பற்றவைக்கக் கூடாது. அந்தக் காலத்து மாமன்கள் பிள்ளையைத் திடீரென்று தள்ளிவிட்டுச் சிரித்தது எல்லாம் எனக்குப் பிடிக்காத வேலை. அதில் பழகினவனும் உண்டு, பயந்து போய் ஆயுளுக்கும் தண்ணீர்ப் பக்கம் போகாதவனும் உண்டு.

இடுப்பளவு தண்ணீர் கிடைக்கிற இடமாகப் பாருங்கள். படித்துறை உள்ள குளம், ஓட்டம் இல்லாத வாய்க்கால், தண்ணீர்த் தொட்டி, இப்படி. கிணறுதான் இருக்கிறது என்றால், படி நல்லபடியாக இருக்கிற கிணறாக இருக்கட்டும். பிள்ளையின் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைக் கரையில் இருப்பவர் பிடித்துக்கொள்ள வேண்டும். சுரைப்புருடை இன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். மூடி இறுக்கமான 5 லிட்டர் பிளாஸ்டிக் கேன் இரண்டை முதுகோடு சேர்த்துக் கட்டினால் போதும். லாரி டியூப் மட்டும் வேண்டாம் என்பேன். கை நழுவினால் பிள்ளை ஒரு பக்கம், டியூப் ஒரு பக்கம். மிதக்கிற பொருள் உடம்போடு கட்டியிருக்க வேண்டும்.

முதல் நாளே கை, கால் அடிக்கச் சொல்லாதீர்கள். முதலில் மூச்சு. முகத்தைத் தண்ணீரில் வைத்து மெதுவாக மூக்கால் வாயால் காற்றை விட்டு, தலையைத் தூக்கி மூச்சு இழுக்கணும். இது இரண்டு மூன்று நாள். அடுத்தது மல்லாக்க மிதக்கிறது. நெஞ்சு நிறையக் காற்று இருந்தால் மனுஷ உடம்பு பெரும்பாலும் தானாகவே மிதக்கும். பயத்தில் காற்றை விட்டுவிட்டு, கையை மேலே தூக்கினால்தான் முங்குகிறோம். கையைத் தண்ணீருக்கு மேலே தூக்கினால் அந்தக் கனம் தலையைக் கீழே அமுக்கும். இந்த ஒன்றைப் பிள்ளை மனசில் பதிய வைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. காதைத் தண்ணீரில் விட்டு, முகவாயைத் தூக்கி, கையை விரித்துக்கொண்டு வானத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். அப்புறம் கை, கால். அதுக்குப் பிறகு, தண்ணீரில் விழுந்தவுடனே திரும்பி, விழுந்த கரையையே வந்து பிடிக்கிற பழக்கம். நாள்பட நாள்பட கேனை இரண்டிலிருந்து ஒன்றாக்கி, பிறகு எடுத்துவிடலாம்.

நம்மைப் போலவே ஊருக்கு ஊர் குளம் குட்டை நிறைந்த வங்கதேசத்தில், கிராமத்துக் குளத்திலேயே மூங்கில் மேடை கட்டி, அதற்குள் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லித் தருகிறார்கள். நீச்சல் குளம் தேடி டவுனுக்குப் போகவில்லை. 25 மீட்டர் நீந்தணும், 30 விநாடி மிதக்கணும். இவ்வளவுதான் அவர்கள் வைத்திருக்கிற அளவு. நீங்களும் அதையே வைத்துக்கொள்ளலாம். பந்தயத்துக்கு ஆள் தயார் பண்ணவில்லை, உயிரோடு வீட்டுக்கு வரத்தான் பழக்குகிறோம்.

நீச்சல் தெரிந்தவனுக்கும் ஒரு வார்த்தை. கிணற்று நீச்சல் வேறு, ஆற்று நீச்சல் வேறு. கிணற்றில் பத்துக் கை போட்டால் சுவர் கிடைக்கும். ஆற்றில் கிடைக்காது. மணல் அள்ளிய பள்ளம் மேலிருந்து பார்த்தால் தெரியாது. தடுப்பணைக்குக் கீழே தண்ணீர் விழுகிற இடத்தில் சுழன்று சுழன்று உள்ளேயே இழுக்கும், நல்ல நீச்சல்காரனையும் விடாது. மதகுக்கு முன்னால் இழுப்பு இருக்கும். மதகு திறந்திருக்கும்போது அந்தப் பக்கமே போகாதீர்கள். ஓட்டத்தில் மாட்டிக்கொண்டால் எதிர்த்து நீந்தாதீர்கள். மல்லாந்து, காலை முன்னால் நீட்டி, தண்ணீர் போகிற போக்கில் போய்க்கொண்டே சாய்வாகக் கரைப் பக்கம் ஒதுங்க வேண்டும். ஆழம் தெரியாத இடத்தில் தலைகீழாகப் பாய்ந்து கழுத்து முறிந்து படுத்த படுக்கையானவர்கள் உண்டு. குடித்துவிட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது. வலிப்பு வருகிறவர் தனியாகக் கிணற்றுக்கோ குளத்துக்கோ போகவே கூடாது.

இப்போது பண்ணைக்குட்டைக்கு வருகிறேன். இதைப் பற்றி யாரும் சொல்வதில்லை என்பதால் கொஞ்சம் நிறுத்திச் சொல்கிறேன். தண்ணீர் உறிஞ்சாமல் இருக்க பிளாஸ்டிக் தாள் விரிக்கிறோம். நாலு பக்கமும் சரிவு. ஒரு மழைக்காலம் போனால் தாளின் மேல் பாசி படிகிறது. அதில் விழுந்தால் நீந்தத் தெரிந்தவனாலும் ஏற முடியாது. கை வைக்கிற இடமெல்லாம் வழுக்கும், கரை கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும்போதே சோர்ந்து மூழ்கிவிடுவான். மாடும் ஆடும்கூட அப்படித்தான் சாகிறது.

இதற்குப் பெரிய செலவில்லை. நாலு கரையிலும் கனமான முளை அடித்து, ஒவ்வொன்றிலும் தடிமனான நைலான் கயிற்றைக் கட்டி, சரிவு வழியாகக் குட்டையின் அடி வரைக்கும் தொங்கவிடுங்கள். அடிக்கு ஒரு முடிச்சு போடுங்கள், கை பிடிக்க வாகாக இருக்கும். பழைய பைக் டயர்களை ஒன்றோடு ஒன்று கட்டிச் சரிவில் இறக்கினால் இன்னும் நல்லது, காலுக்கும் பிடிமானம் கிடைக்கும். காலியான கேன் இரண்டைக் கட்டித் தண்ணீரில் மிதக்க விடுங்கள். சுற்றிலும் முள்வேலியோ கம்பி வேலியோ போட்டு, பூட்டுகிற மாதிரி ஒரு படல் வைத்துவிடுங்கள். தாள் விரிக்கிற அன்றைக்கே இந்த வேலையையும் சேர்த்து முடித்துவிட வேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்றால் அது நடக்காது, எனக்குத் தெரியும்.

ஏரியில் மண் எடுக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். குழியைச் செங்குத்தாக விடாதீர்கள், கரையைச் சரித்துவிடுங்கள். தண்ணீர் வருவதற்கு முன்பே ஆழமான இடத்தில் உயரமான கழி நட்டு சிவப்புத் துணி கட்டுங்கள். போன வருஷம் முழங்கால் தண்ணீர் நின்ற இடம் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் இறங்குகிறார்கள். சுற்றுச்சுவர் இல்லாத கிணற்றுக்குச் சுவர் கட்ட முடியாவிட்டால், முள்ளாவது போட்டு வையுங்கள்.

நாலைந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு நீச்சல் காவல் இல்லை. அதற்குக் கண்தான் காவல். மாட்டுத் தொட்டி, தரையோடு இருக்கிற தண்ணீர்த் தொட்டி, துணி ஊற வைத்த பெரிய பக்கெட், இதெல்லாம் போதும். தலை கனம் என்பதால் குழந்தை குப்புற விழுந்தால் எழுந்திருக்கத் தெரியாது. முக்கால் அடித் தண்ணீரே அதற்குக் கிணறு. நடவு, களை, அறுவடை நாட்களில் தாய்மார்கள் எல்லாரும் வயலில் இருப்பார்கள். அந்த நாட்களில் வேலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் சேர்ந்து, தெரு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பாட்டியை அமர்த்தி அவருக்கும் ஒரு ஆள் கூலி கொடுத்துவிடுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்கிற வழிகளில் இதுவும் ஒன்று, சின்னப் பிள்ளைகளைத் தண்ணீருக்குத் தள்ளி ஒரு இடத்தில் பெரியவர் கண்பார்வையில் வைப்பது. நம்ம ஊர் திண்ணை போதும் அதுக்கு.

ஒருத்தர் முங்குகிறார் என்றால் "காப்பாத்துங்க" என்று கத்துவார் என்று நினைக்கிறோம். சினிமாவில்தான் அப்படி. வாய் தண்ணீருக்குள் போய்ப் போய் வரும்போது மூச்சு எடுக்கவே நேரம் போதாது, கத்துவது எங்கே? சத்தமே இல்லாமல், நட்டமாக நின்றபடி, தலையைப் பின்னால் சாய்த்து, அரை நிமிஷம் ஒரு நிமிஷத்தில் கீழே போய்விடுவார். விளையாடுகிற பிள்ளை திடீரென்று சத்தம் காட்டாமல் இருந்தால் அதுதான் ஆபத்தின் அடையாளம்.

அப்போது குதிக்காதீர்கள். மனசு கேட்காதுதான். ஆனால் மூழ்குகிறவன் கையில் எது அகப்பட்டாலும் அதன் மேல் ஏறுவான். அது உங்கள் கழுத்தாக இருக்கக் கூடாது. முதலில் கூச்சல் போட்டு ஆளைக் கூப்பிடுங்கள். கரையில் குப்புறப் படுத்துக்கொண்டு கம்போ, மண்வெட்டிக் காம்போ நீட்டுங்கள். எட்டவில்லையா, வேட்டியையோ சேலையையோ ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசுங்கள். ஒரு சேலை பதினெட்டு அடி நீளம் இருக்கிறது. கிணற்று மேட்டில் எப்போதும் ஒரு பொருள் தொங்க வேண்டும் என்பேன். 5 லிட்டர் கேனில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி மூடி, கைப்பிடியில் ஐம்பது அடிக் கயிறு கட்டி வையுங்கள். உள்ளே இருக்கிற தண்ணீரின் கனத்தால் தூரமாக எறியலாம், மிச்சக் காற்றால் அது மிதக்கும். நல்ல நீச்சல்காரர் இறங்கித்தான் ஆக வேண்டும் என்றாலும் கேனையோ டியூபையோ கையில் கொண்டுபோய் அதைத்தான் நீட்ட வேண்டும், தன் கையை அல்ல.

கரைக்குக் கொண்டு வந்த பிறகு என்ன செய்வது? இதைச் சொல்லத்தான் முக்கியமாக வந்தேன். எனக்குப் பதினாறு, பதினேழு வயசிருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றிலிருந்து ஒரு சின்னப் பையனைத் தூக்கினோம். விழுந்து ரொம்ப நேரம் ஆகவில்லை. பெரியவர் ஒருவர் அவனைத் தலைகீழாகத் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றைச் சுற்றி ஓடினார். இன்னொருவர் வாங்கி இரண்டு காலையும் பிடித்துச் சுற்றினார். அப்புறம் வயிற்றை அமுக்கினார்கள். தண்ணீர் வந்தது, பையன் வரவில்லை. கால் மணி நேரம் அத்தனை பேரும் பாடுபட்டோம். அவனுக்கு வேண்டியிருந்தது மூச்சு. அதை ஒருத்தரும் கொடுக்கவில்லை. யாருக்கும் தெரியாது. நானும்தான் ஒரு காலைப் பிடித்திருந்தேன்.

மூளைக்குக் காற்று போகாமல் நாலு முதல் ஆறு நிமிஷம் போனால் அது கெட ஆரம்பித்துவிடும். வயிற்றில் இருக்கிற தண்ணீர் ஆளைக் கொல்லாது. அதை அமுக்கினால் சோறும் தண்ணீருமாக மேலே வந்து மூச்சுக்குழாய்க்குள் போகும். அதனால் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள்.

ஆளைத் தட்டையான தரையில் மல்லாக்கப் படுக்க வையுங்கள். தட்டிக் கூப்பிடுங்கள். மூச்சு இருக்கிறதா என்று பத்து விநாடிக்குள் பாருங்கள். கூட இருப்பவர் 108-க்குப் போன் போடட்டும். மூச்சு இல்லையென்றால் நெற்றியைச் சாய்த்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பிடித்து, வாயோடு வாய் வைத்து நெஞ்சு எழும்புகிற அளவுக்கு ஊதுங்கள். முதலில் ஐந்து தடவை. அப்புறமும் அசைவில்லை என்றால் நெஞ்சு எலும்பின் நடுவில் ஒரு கை மேல் ஒரு கை வைத்து, முழங்கை மடங்காமல் இரண்டு அங்குலம் இறங்கும்படி வேகமாக 30 தடவை அமுக்குங்கள். நிமிஷத்துக்கு நூறுக்கு மேல் வருகிற வேகம். பிறகு இரண்டு தடவை ஊதல், மறுபடி 30 அமுக்கல். சின்னப் பிள்ளைக்கு ஒரு கை போதும். ஆம்புலன்ஸ் வருகிற வரைக்கும் விடாதீர்கள், கை வலித்தால் ஆள் மாறிக்கொள்ளுங்கள். ஊத முடியவில்லை என்றால் அமுக்குவதையாவது செய்யுங்கள். மூச்சு வந்துவிட்டால் ஒருக்களித்துப் படுக்க வைத்து, ஈரத்துணி மாற்றிப் போர்த்துங்கள். எழுந்து உட்கார்ந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகத்தான் வேண்டும். நுரையீரலில் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சை அடைக்கும்.

காதால் கேட்டால் இது கைக்கு வராதுங்க. தீயணைப்பு நிலையத்தாரையோ ஆரம்ப சுகாதார நிலையத்தாரையோ ஊருக்கு அழைத்து, ஒரு நாள் எல்லாரும் செய்து பாருங்கள். ஊராட்சித் தலைவர், பள்ளித் தலைமையாசிரியர் சேர்ந்து கேட்டால் வருவார்கள். கோடை விடுமுறை தொடங்குவதற்கு முன்பே இதைச் செய்துவிட்டால் விடுமுறையில் நீச்சல் பழக்கத் தொடங்கிவிடலாம். அதற்கு முன்பாக, கிணற்று மேட்டில் தொங்க வேண்டிய கேனையும் கயிற்றையும் இன்றைக்குச் சாயங்காலமே கட்டிவிடுங்கள்.